முதுகடிக்கு ஒரு விதி

ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது ஜீஷான் முதுகைக் காட்டமாட்டார். பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, கை கதவில் பட்டதும் பக்கவாட்டில் நழுவிவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது மரியாதை போலத் தெரியும். அவர் வேலை பார்த்த லாட்ஜின் முதலாளி அப்பாதுரைகூட அப்படித்தான் நினைத்து மகிழ்ந்திருந்தார்.

அது மரியாதை இல்லை, பயம். கிரிவலப் பாதையிலிருந்து மலைப்பக்கம் சற்று ஒதுங்கிய லாட்ஜ் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொட்டை மாடியில் காய்ந்த போர்வைகளை எடுக்கப் போன ஜீஷானை ஒரு கடுவன் குரங்கு மறித்தது. அதை நேராகப் பார்த்தபடி நின்றவரைக்கும் பல்லைக் காட்டியதோடு சரி. படிக்கட்டுப் பக்கம் திரும்பினார், கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஊசி போட்டு, காயம் ஆறி, வடுவும் மங்கிவிட்டது. ஆனால் நின்றபோது கடிக்காதது திரும்பியபோது கடித்தது என்பதை அவர் உடம்பு மறக்கவில்லை. "தூங்கும்போதுகூட செவுத்த ஒட்டித்தான் படுக்கிறாரு" என்று அவர் மனைவி அதீபா சொல்லிச் சிரிப்பார்.

குரங்கோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டே போயிருக்கலாம்.

லாட்ஜின் வரவேற்பு மேசையில் ஜீஷானோடு மாற்றி மாற்றி வேலை பார்த்தவர் சுப்பிரமணி. அவருக்குப் பஸ் ஸ்டாண்டு அருகே பெரிய லாட்ஜ் ஒன்றில் வேலை கிடைத்தது. முதலாளியிடம் சொன்னார். அப்பாதுரை கைகொடுத்து வாழ்த்தித்தான் அனுப்பினார். அதே வாரம், தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் தன் கேமராவைக் காணவில்லை என்று சொல்ல, அப்பாதுரை யோசிக்காமல் சுப்பிரமணியின் பெயரைச் சொன்னார். சுப்பிரமணியை ஸ்டேஷன் பெஞ்சில் பொழுது சாய்கிறவரை உட்கார வைத்தார்கள். வழக்கு ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் புது லாட்ஜில் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். லாட்ஜ் உரிமையாளர் சங்கத்தில் விஷயம் பரவியது. பிறகு ஊரில் எந்த லாட்ஜும் அவரைச் சேர்க்கவில்லை.

அந்தக் கேமரா தொலையவே இல்லை. கொஞ்ச நாளில் புதுச்சேரியிலிருந்து அந்த அம்மாள் போன் செய்தார். துணிகளுக்கு நடுவே இருந்ததாம், மன்னிப்புக் கேட்டார். போனை எடுத்தவர் ஜீஷான். சந்தோஷமாக முதலாளி அறைக்கு ஓடினார்.

அப்பாதுரை சாவிக்கொத்தைக் கண்ணாடி மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே கேட்டார். குரலை உயர்த்தும் பழக்கம் ஆட்களிடம் அவருக்கு இல்லை.

"கெடச்சிடுச்சா? ரொம்ப நல்லது. இதை நீ எங்கயும் சொல்லிக்கினு இருக்காத."

"சுப்பிரமணி அண்ணனுக்கு மட்டும்..."

"அவன் போனவன், பாய். நீ இங்க கீறவன். இங்க கீற வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

மறு வாரம் வரவேற்பு மேசைக்குப் பின்னால், சுவரின் உச்சியில் ஒரு கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டது. முதலாளி அதைத் தன் போனில் பார்ப்பார். அது பார்த்தது ஜீஷானின் முதுகை. அதன்பின் இரண்டு வருடங்கள் ஜீஷான் அந்த மேசையில் இருந்தார்.

*

அவருக்கு இருந்த ஒரே விடுதலை ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்பு ஒரு மழைக்காலத்தில் லாட்ஜில் தங்கியிருந்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன், பொழுது போகாமல் ஜீஷானுக்கு ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்தான். கட்டம் போட்ட தாள்மேல் வீரர்கள், மந்திரவாதிகள், பூதங்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். ஒருவர் மட்டும் கதையையும் எதிரிகளையும் நடத்துவார். அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். போகும்போது பகடைகளை அவன் ஜீஷானுக்கே கொடுத்துவிட்டுப் போனான். விதிப் புத்தகத்தைக் கொண்டுபோய்விட்டான்.

அதனால் விதிகளை ஜீஷானே தமிழில் எழுதினார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பாட்டில் மூடிகளை வீரர்களாகவும் புளியங்கொட்டைகளைப் பூதங்களாகவும் வைத்து, ஒவ்வொரு விதியையும் தானே இரண்டு பக்கமும் ஆடிப் பார்ப்பார். ஒரு வாள்வீச்சு எத்தனை உயிர்ப்புள்ளியைக் குறைக்க வேண்டும் என்பதற்கு மாதக்கணக்கில் பகடை உருட்டியிருக்கிறார். சரியாக வரவில்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

வேங்கிக்காலில் பிரகாஷ் வீட்டு மாடியில் ஆட்டம் நடக்கும். பிரகாஷ் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட், ஆட்டத்தில் மந்திரவாதி. ஆட்டோ ஓட்டும் சுரேஷ்குமார் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட வீரன். பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் வினோதினி வில்லாளி. ஜீஷான்தான் ஆட்டத்தை நடத்துபவர்.

எல்லா விதியும் ஒழுங்காகவே இருந்தன, ஒன்றைத் தவிர. எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் ஒருவன் அங்கிருந்து நகர்ந்தால், எதிரி தன் முறைக்குக் காத்திராமல் உடனே ஓர் அடி அடிக்கலாம். இது அந்த இளைஞன் சொல்லிக்கொடுத்த விதிதான். ஜீஷான் அதற்கு முதுகடி என்று பெயர் வைத்தார். வைத்ததோடு நிற்காமல் கடுமையாக்கினார். பக்கத்தில் எத்தனை எதிரிகள் இருந்தாலும் அத்தனை பேரும் அடிக்கலாம். ஒவ்வொரு கட்டம் நகரும்போதும் அடிக்கலாம். முதுகைக் காட்டியதால் பகடையில் விழும் எண்ணோடு நான்கு கூட்டிக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாழடைந்த கோட்டை வாசலில் இரண்டு பூதங்களுக்கு நடுவே பிரகாஷின் மந்திரவாதி மாட்டிக்கொண்டான்.

"நான் பின்னாடி வர்றேன்" என்றார் பிரகாஷ்.

"வந்தா ரெண்டு முதுகடி."

"அப்ப நிக்கிறேன்."

"நின்னா அதுங்க முறையில ரெண்டு அடி."

"நின்னாலும் அடி, நவுந்தாலும் அடி. இது சண்டையா பாய், ரேஷன் கடை க்யூவா?"

"ரேஷன் கடைலயாவது கடைசில சக்கர வரும்" என்றார் சுரேஷ்குமார்.

உண்மையில் யாருமே நகரவில்லை. வீரனும் வில்லாளியும் தத்தம் கட்டத்தில் முளையடித்தது போல நின்று பகடையை மட்டும் உருட்டினார்கள். பிரகாஷ் கடைசியில் துணிந்து நகர்த்தினார். இரண்டு முதுகடியும் பட்டன. பல மாதங்களாக அவர் வளர்த்த மந்திரவாதி செத்துப்போனான். பிரகாஷ் பாட்டில் மூடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி இப்படின்னா நான் ஆடல பாய். கோச்சிக்காதீங்க."

வினோதினி கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பூதத்துக்கு நாலு பக்கமும் கண்ணு கீது. எங்களுக்கு மட்டும் நாலு பக்கமும் முதுகு. இந்த விதிய யாரு எழுதினது, நீங்களா, உங்க பயமா?"

ஜீஷான் புளியங்கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஆனால் அன்று வினோதினி இன்னொன்றும் வைத்திருந்தார்.

"எங்க ஸ்கேன் சென்டர்ல முன்னாடி ஒக்கார ஆள் தேடுறாங்க. உங்களப் பத்திச் சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதி சேரணும். லாட்ஜுல சொல்லிட்டு வாங்க."

முடியாது என்று ஜீஷான் தலையாட்டினார். சுப்பிரமணிக்கு நடந்தது, கேமரா கிடைத்த போன், முதலாளி சொன்னது எல்லாவற்றையும் அப்போதுதான் முதல்முறையாக வெளியே சொன்னார். "எனக்குத் தெரியும்னு அவுருக்குத் தெரியும். நான் வெளிய போனா விடமாட்டாரு. நான் பேசறதுக்கு முன்னாடியே என்னைத் திருடனாக்கிடுவாரு. அப்புறம் நான் சொல்றத எவன் நம்புவான்? ஸ்கேன் சென்டர்ல நம்புவாங்களா?"

 சுரேஷ்குமார்தான் மெல்லக் கேட்டார்.

"அப்ப சுப்பிரமணி ஒண்ணுமே எடுக்கலயா? அடி அண்ணாமலைல டீக்கடை போட்டுக்கினு கீறான். போன பௌர்ணமிக்கு, 'கடைல பை வெச்சிட்டுப் போறேன், பாத்துக்கோ'ன்னு சொல்ல வாய் வர்ல எனக்கு. பையத் தூக்கிக்கினே மலையச் சுத்துனேன்."

ஜீஷான் தலையைக் குனிந்துகொண்டார். 

*

அந்த மாதம் முழுவதும் அவர்கள் கதையை நிறுத்திவிட்டு முதுகடியை மட்டும் சரிசெய்தார்கள். ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் அவசரப்பட்டு எதையும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

முதலில் முதுகடியை எடுத்தே விட்டுப் பார்த்தார்கள். அப்போது முன்னால் நிற்கும் வீரனுக்கு வேலையில்லை. பூதங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் நின்ற வில்லாளியைத் தின்றன. "ஏய், நான் ஒருத்தன் கவசம் போட்டுக்கினு வாசல்ல நிக்கிறேனே, என்னைப் பாத்தா கம்பம் மாதிரியா கீது?" என்று சுரேஷ்குமார் கத்தினார். ஆக, முதுகடி வேண்டும். ஆனால் எவ்வளவு?

நான்கு கூட்டுவதை எடுத்தார்கள். பிறகு, ஓர் எதிரி ஒரு சுற்றில் ஒரே ஒரு முதுகடிதான் அடிக்கலாம் என்று வைத்தார்கள். உடனே ஆட்டம் அசைந்தது. வினோதினி அடுத்த சுற்றிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார். கவசக்காரன் முதலில் நகர வேண்டும். பூதம் அவன்மேல் அடியைச் செலவழித்துவிடும், அடி கவசத்தில் பட்டுப் போகும். பின்னால் மற்றவர்கள் சும்மா நடந்து வந்துவிடலாம்.

"இது ஓட்டை" என்றார் ஜீஷான். "புத்தியுள்ள எதிரி கவசக்காரன்மேல அடிய வீணாக்கமாட்டான். காத்திருப்பான். அவனுக்கு வேண்டியவன் நவுர்ற வரைக்கும் கைய ஓங்கிக்கினே நிப்பான்."

"அப்ப ஒவ்வொரு எதிரிக்கும் விதி மாறணுமா?" என்று கேட்டார் வினோதினி.

"ஆமா. மிருகம்னா பக்கத்துல எவன் நவுந்தாலும் அடிச்சிடும். புத்தியுள்ளது யாரை அடிக்கணும்னு பாத்துக்கும்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியாக வந்தது விலகல். எதிரியைப் பார்த்தபடியே ஒரு கட்டம் பின்னால் வைத்தால் முதுகடி கிடையாது. சும்மா கிடைக்கக் கூடாது, அதற்கு விலை வேண்டும்; விலகுகிறவன் திருப்பி அடிக்கக் கூடாது. இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த விலை எதுவரைக்கும் என்பதில்தான் சண்டை வந்தது. அந்தச் சுற்று மட்டும் போதும் என்றார் வினோதினி. அந்தச் சண்டை முடிகிறவரை அடிக்கக் கூடாது என்றார் ஜீஷான். "தப்பிச்சதே பெருசு. அதுக்கு மேல என்னா வேணும்?" அது முடிவாகாமலே, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு நின்றது.

எழுந்தபோது சுரேஷ்குமார் ஜீஷானின் தோளைத் தட்டினார். "பாய், முதலாளிகிட்ட மொதல் அடிய நான் வாங்கிக்கிறேன். எனக்குக் கவசம் ஜாஸ்தி."

"அவுரு ஒன்மேல செலவழிக்கமாட்டாரு, சுரேஷு."

"கொசுவத்தி ரெண்டு கொளுத்தினதுக்கே கணக்கு கேக்குற ஆளுன்னு நீங்கதான சொன்னீங்க. அவுருக்கா பொறுமை?"

*

பௌர்ணமி வந்தது. காலையிலிருந்தே ஆந்திராவிலிருந்து வந்த பஸ்களும் வேன்களும் சாலையை அடைத்தன. லாட்ஜில் ஓர் அறைகூட மிச்சமில்லை. மதியம் சுரேஷ்குமார் ஆட்டோவை லாட்ஜ் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். வேன்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். காவலாளி கத்தினார்.  சுரேஷ்குமார் வேண்டுமென்றே உரக்கப் பேசினார்.

"ரோடு உங்க அப்பன் வீட்டுதா? கூப்புடுயா உங்க மொதலாளிய! நான் பாத்துக்கிறேன்!"

அப்பாதுரை வெளியே வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி சுரேஷ்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வெய்யில்ல ரொம்பக் காஞ்சிட்டபோல. வா, டீ சாப்புடு. பொறுமையா எடு வண்டிய."

திட்டிப் பார்த்தும் அவர் சீறவில்லை. டீயை வாங்கிக் குடித்துவிட்டு ஆட்டோவை நகர்த்துவதைத் தவிர சுரேஷ்குமாருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. உள்ளே திரும்பிய அப்பாதுரை மேசையருகே நின்றார். சாவிக்கொத்து கண்ணாடியில் தட்டியது.

"ஒன் ஃப்ரெண்டுதான அவன்? ஞாயித்துக்கெழமையான வேங்கிக்கால்ல ஒண்ணா ஒக்காந்து தாயம் ஆடுறீங்களாமே?"

ஜீஷான் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஆடு, ஆடு. மனுசனுக்குப் பொழுது போவணும். யாரு எப்பக் கெளம்பினாலும் எனக்குத் தெரிஞ்சிடும், பாய். அதுக்குத்தான் சொன்னேன்."

அவர் போன பிறகு ஜீஷானுக்குப் புரிந்தது. முதலாளியின் கை ஓங்கியே இருக்கிறது. அது காத்திருப்பது தனக்காகத்தான். யாருக்கும் தெரியாமல் கிளம்பினால் அடி நிச்சயம் விழும். இருந்துவிட்டால்? இருந்தால் விழாது. ஆனால் அந்தக் கேமராவுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை வருடம்? ஓடினால் ஆகாது, நின்றாலும் ஆகாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவருடைய சொந்த விதி. பார்த்தபடி விலகுவது.

*

மறுநாள் காலை கிரிவலம் முடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அறையைக் காலி செய்தார்கள். வரவேற்பறையில் மூட்டைகளும் பெட்டிகளும் பிள்ளைகளும். ஜீஷான் முதல் வேலையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இப்போது கேமரா அவர் முகத்தைப் பார்த்தது. வருகிறவர்கள் மேசைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் கூடத்துக்கே கேட்கும்படி தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார்: "அன்னீ உன்னாயா, அண்டி? செல்லு, நகை, கேமரா எல்லாம் சரிபாத்துட்டீங்களா? ஒண்ணும் கொறையலயே?"

எல்லாம் இருக்கிறது என்று, "அன்னீ உன்னாயி" என அவர்களும் உரக்கச் சொன்னார்கள். ஒரு பெரியவர் இந்த லாட்ஜில் என்னமாய் விசாரிக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தே காட்டினார். அறைகளைக் கூட்டித் துடைக்கும் காசியம்மாளை ஒவ்வொரு அறைக்கும் அனுப்பி, எதுவும் விட்டுப்போகவில்லை என்று கேமராவுக்கு நேராக நின்று சொல்லச் சொன்னார் ஜீஷான்.

"என்னா பாய் இன்னிக்கு? கல்யாணத்துக்கு மொய் எழுதறாப்ல கத்திக்கினு கீற?"

"சொல்லுங்கம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"பதினோராம் நம்பர் காலி! சோப்புத்துண்டுகூட இல்ல! போதுமா?"

குரல் நடுங்குவது தனக்குத் தெரிந்ததால்தான் ஜீஷான் இன்னும் உரக்கப் பேசினார். கடைசிக் குடும்பம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாதுரை கையில் போனோடு இறங்கி வந்தார். திரையில் இத்தனை நேரமும் ஜீஷானின் முகம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"சேர் ஏன் திரும்பிக் கீது?"

"மொதலாளி, நான் இன்னியோட நின்னுக்கறேன்." சொல்லிவிட்டார். சாவிப் பலகையைக் காட்டினார். "சாவி எல்லாம் பலகைல கீது. எந்த ரூம்லயும் எதுவும் கொறையல. வந்தவங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் போறாங்க. நீங்களே பாத்துக்கலாம்."

அப்பாதுரை பெட்டி கட்டிக்கொண்டிருந்த குடும்பத்தைப் பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார். கேமராவை அண்ணாந்து பார்த்தார். சாவிக்கொத்து தட்டப்படவில்லை. அது ஒலிக்காததுதான் ஜீஷானுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்பாதுரை அருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "வெளிய போயி ஏதாவது பேசுவியா?"

  கேமரா தொலையவில்லை, உங்களுக்குத் தெரியும் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஓங்கிய கை தன்மேல் விழும்.

"இல்ல, மொதலாளி."

"நல்லது" என்றார் அப்பாதுரை. "போயிட்டு வா."

ஜீஷான் பின்பக்கமாகவே நடந்தார். கூடம், வாசல்படி, முற்றம், கேட். அப்பாதுரையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டருகே துடைப்பத்தோடு நின்ற காசியம்மாள், "யாராச்சும் ரிவர்ஸ்ல வேலைய விட்டுப் போவாங்களா பாய்? பின்னாடி சாக்கடை கீது, பாத்து!" என்றார்.

*

ஒண்ணாந்தேதி ஸ்கேன் சென்டரில் சேர்ந்தார். யாரும் போலீசுக்குப் போகவில்லை, யாரும் போன் செய்யவில்லை. ஆனாலும் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஜீஷான் எழுந்து நின்றார். வந்தது நோயாளி என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் கூடினார்கள். பிரகாஷ் புது மந்திரவாதியோடு வந்திருந்தார். கேள்விக்குறி போட்ட விதியை அன்று முடித்துவிடலாம் என்றார் வினோதினி. "இன்னிக்கு நான் நடத்துறேன். பாய், நீங்க ஆடுங்க. உங்க விதிப்படியே ஆடலாம். விலகினவன் சண்டை முடியற வரைக்கும் அடிக்கக் கூடாது."

ஜீஷானின் பாட்டில் மூடி ஒரு வாயிற்காவலனோடு சேர்ந்து பூதத்தை எதிர்த்து நின்றது. அடி பலமாகவே விழ, ஜீஷான் பார்த்தபடி ஒரு கட்டம் விலகினார். முதுகடி இல்லை. அடுத்த சுற்றில் இன்னொரு கட்டம். தப்பித்தாயிற்று. பூதம் காவலன் பக்கம் திரும்பியது.

"காவலனுக்கு அடி" என்றார் வினோதினி. "உங்க முறை பாய்."

"நான் ஒண்ணும் பண்ண முடியாதே."

"உங்க விதி."

அடுத்த சுற்று வந்தது. காவலனுக்கு மறுபடி அடி. பூதத்தின் முதுகு ஜீஷானின் பக்கம் இருந்தது. அவர் கையில் வாள் இருந்தது, உயிர்ப்புள்ளி இருந்தது, இரண்டு கட்ட தூரம்தான்.

"உங்க முறை."

ஜீஷான் பகடையை எடுத்தார். உருட்டவில்லை. கீழே வைத்தார்.

"காவலனுக்கு அடி" என்று வினோதினி தொடங்கியபோது, "நிறுத்தும்மா" என்றார்.  "இந்த விதி தப்பு. அடிச்சிடு."

அவரே பேனாவை வாங்கி, 'சண்டை முடியும்வரை' என்பதை அடித்துவிட்டு, 'அந்தச் சுற்று மட்டும்' என்று எழுதினார். கேள்விக்குறியையும் அடித்தார். எழுந்தார்.

"சுரேஷு, ஆட்டோ கீதா? அடி அண்ணாமலைக்குப் போவணும்."

சுரேஷ்குமார் ஆட்டோவை அடி அண்ணாமலைக்கு விட்டார். பாதையோரம் தகரக் கூரை போட்ட கடையில் சுப்பிரமணி அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். திரும்பியபோது ஜீஷானைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"வா பாய். எவ்ளோ நாளாச்சு. டீயா?"

"அண்ணே, அந்தக் கேமரா தொலையல. அந்தம்மா பொட்டியிலயேதான் இருந்துச்சி. போன் பண்ணாங்க. நான்தான் எடுத்தேன்."

சுப்பிரமணி அடுப்பை அணைத்தார். ஜீஷானுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார்.

"எப்ப?"

"அப்பவே. நீங்க ஸ்டேஷனுக்குப் போன கொஞ்ச நாள்லயே."

அறை பளீரென்று விழுந்தது. ஜீஷானின் மூக்குக்கண்ணாடி பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. சுரேஷ்குமார் ஓர் அடி முன்னால் வைத்தார். ஜீஷான் கையைக் காட்டி நிறுத்தினார். காலைப் பின்னால் வைக்கவில்லை.

"ரெண்டு வருசம்" என்றார் சுப்பிரமணி. "என் பொண்ணு பள்ளிக்கூடத்துல என்னா பேரு வாங்கிச்சி தெரியுமா ஒனக்கு?"

"சங்கத்துல வந்து சொல்றேன். இப்பவே. எல்லார் முன்னாடியும்."

"சொன்னா அப்பாதுரை சும்மா விடுவானா ஒன்ன?"

"விடமாட்டாரு."

 சுப்பிரமணி குனிந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தார். பால் பாத்திரத்தை மூடினார். பக்கத்துக் கடைக்காரரிடம், "பாத்துக்கோ" என்றார்.

லாட்ஜ் உரிமையாளர் சங்கம் ஊருக்குள் இருந்தது. ஆட்டோ கிரிவலப் பாதை வழியே போனது. அப்பாதுரையின் லாட்ஜ் போர்டு தூரத்தில் தெரிந்ததும் ஜீஷானின் முழங்கால் துள்ளத் தொடங்கியது. சுப்பிரமணி தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேட்டருகே யாரோ நின்றார்கள். வெள்ளை வேட்டி. முதலாளியா, வேறு யாராவதா என்று ஜீஷானுக்குத் தெரியவில்லை. ஆட்டோ அவரைத் தாண்டியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது.

அவர் திரும்பவில்லை. லாட்ஜுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.